எழுபத்திரண்டாம் நம்பர் நூல்

எங்கள் ஊரில் என்னை நட்சத்திர வாத்தியார் என்பார்கள். இராஜாக்கமங்கலம் சந்தைக்கு மீன் வாங்கப் போனாலும் அந்தப் பேர் எனக்கு முன்னால் போய் நிற்கும். கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும். ஏனென்றால் அந்த நட்சத்திரத்தை நான் என் ஆயுளில் ஒரு நாள்கூடப் பார்த்தது கிடையாது. பார்த்தவள் என் மனைவி நேசபாய். அவளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். என்னைப் பற்றியும் எழுத வேண்டிவரும். வேறு வழியில்லை.

நேசபாயின் அப்பா பனையேறி. அவளுக்கு எட்டு வயது இருக்கும்போது பனையிலிருந்து விழுந்து இறந்துபோனார். அம்மா அவளைக் கொண்டுபோய் மிஷனில் ஊழியம் செய்ய வந்த வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா நடத்திய லேஸ் வீட்டில் விட்டாள். லேஸ் வீடு என்பது ஓலைக் கூரை போட்ட ஒரு நீளக் கொட்டகை. நாற்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, மடியில் உருண்டைத் தலையணையை வைத்து, அதில் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய மரக்குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டு லேஸ் பின்னுவார்கள். பின்னியதெல்லாம் கப்பலேறிச் சீமைக்குப் போகும். பதினாறு வயதில் நேசபாய் அங்கே மாதிரி போடுகிறவள் ஆகிவிட்டாள். சீமையிலிருந்து ஒரு துண்டு லேஸ் வரும். அதைப் பார்த்தே இழை எண்ணி, முதல் மாதிரியை அவள் பின்னுவாள். மற்ற முப்பத்தொன்பது பேரும் அதைப் பார்த்துத்தான் பின்ன வேண்டும். ஜன்னலை ஒட்டி முதல் தலையணை அவளுடையது. அந்த இடத்தில் அவள் கண்ணுக்காகத்தான் அவளை உட்காரவைத்திருந்தார்கள்.

1913-ல் எனக்கு அவளைக் கட்டிவைத்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் லேஸ் வீட்டு வேலையை அவள் விடவில்லை. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியார். சிறு வயதிலிருந்தே கிட்டப்பார்வை. கண்ணாடியைக் கழற்றினால் எதிரே வருவது மாடா மச்சானா என்று தெரியாது. பெண் பார்த்துவிட்டு நான் போன பிறகு, "இந்தாளு என்னயப் பாத்தாரா, சொவரப் பாத்தாரா?" என்று நேசபாய் பூங்கனியிடம் கேட்டிருக்கிறாள். பூங்கனி லேஸ் வீட்டில் அவளுக்கு அடுத்த தலையணைக்காரி. எங்களுக்குப் பக்கத்து வீடும்தான். இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

மிஸ்ஸியம்மா தான் படித்து முடித்த இங்கிலீஷ் பத்திரிகைகளை எனக்குக் கொடுத்தனுப்புவது வழக்கம். 1927-ல் அப்படி வந்த ஒன்றில் ஒரு நட்சத்திரத்தைப் பற்றி ஒரு கட்டுரை இருந்தது. தனுசு ராசியின் கிழக்குக் கோடியில், கூர்ந்து பார்த்தால் மட்டும் வெறுங்கண்ணுக்குத் தெரிகிற மங்கலான நட்சத்திரம். அது ஒன்றல்லவாம், இரண்டாம். ஒன்றையொன்று சுற்றிவர நூற்றுமுப்பத்தெட்டு நாள். ஒன்றின் வெளிச்சம்தான் நமக்கு வருகிறது. கூட இன்னொன்று இருக்கிறது என்பதைக் கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். இன்னொரு விசேஷமும் உண்டு. நட்சத்திரத்தின் வெளிச்சத்தை முப்பட்டைக் கண்ணாடியால் பிரித்தால் கோடு கோடாகத் தெரியும். எந்தக் கோடு எந்தப் பொருளுடையது என்று சொல்லிவிடலாம். இந்த ரகத்து நட்சத்திரங்களில் தடிப்பாகத் தெரிய வேண்டிய ஹைட்ரஜன் கோடு, அதாவது நாங்கள் பள்ளியில் ஜலவாயு என்று சொல்லிக்கொடுப்பது, இதில் இருக்கிறதா இல்லையா என்னும்படி இருந்ததாம். இரும்பு மாதிரியான உலோகங்களின் கோடுதான் நெருக்கமாக இருந்ததாம்.

எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. வீட்டுக்கு வந்து நேசபாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஜலவாயு இல்லாத நட்சத்திரமா?" என்றாள்.

"இருக்கு. ஆனா ரொம்பக் கொறச்சல்."

"அப்பம் தண்ணி வத்துன கெணறுன்னு சொல்லுங்க. ரெண்டு பேரு ஒரு வீட்டுல இருக்காவ, வெளிய ஒருத்தரு மட்டும் தெரியுதாரு. அப்பிடித்தானே?"

"ஆமா."

"கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. நம்ம சபையில முக்காவாசி வீடு அப்பிடித்தான்."

சிரித்தேன். அன்றைக்கு அது வெறும் கேலிதான்.

எனக்குத் தோன்றியது இது: இரண்டு நட்சத்திரம் சுற்றும்போது ஒன்று மற்றதை மறைத்தால் வெளிச்சம் குறையத்தானே வேண்டும்? அந்த மங்கலை முதலில் கண்டவன் பேர் புத்தகத்தில் ஏறிவிடும். இந்த ஆசை என்றைக்கு எனக்குள் புகுந்ததோ அன்றைக்கே சனி பிடித்தது. சீமையில் ஒரு நட்சத்திரக் கழகம் இருந்தது. வெறுங்கண்ணால் பார்த்து வெளிச்சத்தை அளந்து எழுதி அனுப்புகிறவர்களுக்கு நிரப்புவதற்கான அச்சுப் பாரங்களை அவர்களே அனுப்பிவைப்பார்கள். எழுதிப் போட்டு வரவழைத்தேன். ஆனால் என் கண்ணுக்கு அந்த இடத்தில் கருப்பு வானம் மட்டும்தான் தெரிந்தது.

"தள்ளுங்க" என்று நேசபாய் முற்றத்துக்கு வந்தாள். என் கையிலிருந்த நட்சத்திரப் படத்தை ஒரு தரம் பார்த்தாள். வானத்தை ஒரு தரம் பார்த்தாள். "இந்தா நிக்கி" என்றாள்.

அளப்பது எப்படி என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போனேன். பக்கத்தில் இதைவிடச் சற்றுப் பிரகாசமாக ஒரு நட்சத்திரம், சற்று மங்கலாக ஒரு நட்சத்திரம், இரண்டுக்கும் நடுவே இது எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். நட்சத்திரக் கணக்கில் எண் கூடக் கூட வெளிச்சம் குறையும். இது தலைகீழாக இருக்கிறதே என்று எங்கள் பள்ளித் தலைமை ஆசிரியர்கூடக் குழம்பிப் போனார். நேசபாய்க்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"இதுல என்ன இருக்கு? நூலும் அப்பிடித்தானே. நம்பர் கூடுனா இழை மெலியும்" என்றாள். மேலே இருந்ததை அறுபதாம் நம்பர் நூல் என்று வைத்துக்கொண்டாள். கீழே இருந்ததை எண்பது என்றாள். "நம்ம ஆளு எழுவத்திரெண்டு."

அதன் பிறகு ஆவணி, புரட்டாசி, மழை விட்ட ஐப்பசி என்று வானம் தெளிந்த நாளெல்லாம் குடும்ப ஜெபம் முடிந்ததும் முற்றத்துக்கு வருவோம். அவள் அண்ணாந்து பார்த்து நம்பரைச் சொல்வாள். பழக்கத்துக்காக வேறு நாலு நட்சத்திரங்களையும் சொல்லச் சொல்வேன். நான் விளக்கடியில் உட்கார்ந்து நோட்டில் எழுதி, நூல் நம்பரை நட்சத்திரக் கணக்குக்கு மாற்றி, மாதம் ஒருமுறை பாரத்தில் ஏற்றுவேன். எங்கள் சபையின் உபதேசியார் யோவான் ஒரு நாள் வந்து, "வாத்தியாரே, ஜோசியம் பாக்கதாட்டு ஊருல பேச்சு" என்று இழுத்தார். அவருக்கு வானசாஸ்திரம் விளக்கி நான் ஒரு மணி நேரம் பேசினேன். நேசபாய் உள்ளே காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். பார்க்கிறவள் அவள்தான் என்று அவரிடம் நான் சொல்லவில்லை.

கழகத்துக்கு அனுப்பிய பாரத்திலும் என் பேர்தான். 1929-ல் கழகத்தின் பத்திரிகையில் அளவு அனுப்பியவர்களின் பட்டியல் வந்தது. பொடி எழுத்தில், 'யேசுரத்தினம், திருவாங்கூர்' என்று இருந்தது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் ஊரைச் சுற்றினேன். நட்சத்திர வாத்தியார் என்ற பேர் அப்போது விழுந்ததுதான். நேசபாயிடமும் காட்டினேன்.

"எம் பேரு எங்க?" என்றாள், சிரித்துக்கொண்டே.

"புருஷன் பேருல பொஞ்சாதி பேரு அடக்கம்" என்றேன்.

"வெளிச்சம் மட்டும் ஒருத்தருக்கு" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. நானும் அத்தோடு விட்டேன்.

மூன்று வருஷம் பார்த்தும் அந்த நட்சத்திரம் எழுபத்திரண்டிலிருந்து அசையவில்லை. எனக்குப் பொறுமை போனது. என் கணக்குப்படி 1930 ஐப்பசியில் அது மங்க வேண்டும். குறித்த நாளில் மழை பிடித்துக்கொண்டது. நாலு நாள் வானமே தெரியவில்லை. ஐந்தாம் நாள் மேகம் விலகியதும் நேசபாய் பார்த்துவிட்டு, "அதே எழுவத்திரெண்டுதான்" என்றாள்.

நோட்டில் நாலு கட்டம் வெறுமையாக இருந்தது. மழை நாளில் அது மங்கியிருக்காது என்று யாருக்குத் தெரியும் என்று எனக்கு நானே வக்காலத்து வாங்கிக்கொண்டேன். எழுபத்தாறு, எழுபத்தொன்பது, எண்பது, எழுபத்தேழு என்று எழுதினேன். எழுதும்போது கை நடுங்கியதாகச் சொல்ல ஆசைதான். நடுங்கவில்லை. நல்ல வாத்தியார் கையெழுத்து.

இரண்டு சுற்றுக்குப் பிறகு, அடுத்த ஆடிக் கடைசியில் மறுபடியும் அந்த நாள் வந்தது. வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. அவள் எழுபத்திரண்டு என்றாள். நான் எண்பது என்று எழுதினேன். முந்தின பொய்யை நிற்கவைக்க இந்தப் பொய் வேண்டியிருந்தது. மற்ற நாலு நட்சத்திரங்களுக்கும் அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். எட்டு நாள் இப்படி நடந்தது. இருட்டில் நின்று அவள் சொல்ல, நாலு முழம் தள்ளி விளக்கடியில் உட்கார்ந்து நான் மாற்றி எழுதினேன்.

1932 தை மாதம் கழகத்தின் காரியதரிசியிடமிருந்து கடிதம் வந்தது. மரியாதையான கடிதம். மூன்று தேசங்களில் நாலு பேர் அதே நாட்களில் அதே நட்சத்திரத்தைப் பார்த்தார்களாம். யாருக்கும் மங்கவில்லையாம். உங்கள் அளவு எப்படி எடுக்கப்பட்டது என்று விளக்க முடியுமா என்று கேட்டிருந்தார்.

அதே மாதம் எங்கள் பள்ளியில் தலைமை ஆசிரியர் பதவி காலியாகியிருந்தது. யாரைப் போடுவது என்று கமிட்டி யோசித்துக்கொண்டிருந்தது. கமிட்டியில் மிஸ்ஸியம்மாவும் உண்டு. பொய் எழுதினேன் என்று ஒப்புக்கொள்கிற மனுஷன் நானில்லை. உட்கார்ந்து பதில் எழுதினேன். அளவுகளை எடுத்தது நான் அல்ல, என் மனைவி நேசபாய். லேஸ் பின்னிப் பின்னி அவள் பார்வை கெட்டுவிட்டது. அவள் கண்ணை நம்பியது என் தவறு, மன்னிக்கவும்.

நாலு வருஷம் அவள் பார்த்ததற்கு என் பேர். நான் சொன்ன பொய்க்கு அவள் பேர். நேசபாய் என்ற பேரை நான் சீமைக்கு எழுதியது அதுதான் முதல் தடவை.

இதற்குமேல் ஒரு முட்டாள்தனம் செய்தேன். சீமைக்குப் போகிற எந்தக் காகிதத்தையும் மிஸ்ஸியம்மாவிடம் காட்டி இங்கிலீஷைச் சரிபார்த்துக்கொள்ளாமல் நாங்கள் தபாலில் போடுவதில்லை. எங்கள் மிஷன் வாத்தியார்கள் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. பழக்கதோஷத்தில் இதையும் கொண்டுபோய் நீட்டினேன். அதில் என்ன எழுதியிருக்கிறது, அதை யார் கையில் கொடுக்கிறேன் என்று எனக்கு ஓடவே இல்லை. இங்கிலீஷில் தப்பு இருக்கக் கூடாது என்பது ஒன்றுதான் மனதில் இருந்தது.

மிஸ்ஸியம்மா பென்சிலை எடுத்துக்கொண்டு வாசித்தார். பாதியில் பென்சிலைக் கீழே வைத்தார். "நேசபாயின் கண் இப்படி ஆனதை என்னிடம் ஏன் மறைத்தீர்கள்?" என்றார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. "என் லேஸ் அல்லவா அவள் கண்ணைக் கெடுத்தது."

அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். துக்கத்தில் நிற்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து நேசபாய் சாயங்காலம் வெளுத்த முகத்தோடு வீட்டுக்கு வந்தாள். வெற்றிலைப் பெட்டியைக்கூடத் தொடாமல் எனக்கு எதிரே நின்றாள்.

"இன்னைக்கு என்னய எடத்துலேருந்து எழுப்பிட்டாவ. நாளையிலேருந்து வெளுக்கவும் இஸ்திரி போடவும் போணுமாம். எண்பதாம் நம்பர் நூலை எண்ணிக் காட்டுனேன். ஒரு இழை தப்பல்ல. அப்பவும் கேக்கல்ல. ஒன் வீட்டுக்காரரே எழுதியிருக்காருன்னு சொல்லுதாவ. என்ன எழுதுனிய?"

அவளிடம் சொல்ல வேண்டிய உண்மை ஒன்றுதான் இருந்தது. நான் சொன்னது வேறு.

"கிட்ட உள்ளது ஒனக்குத் தெரியும், நேசம். தூரத்துல உள்ளதுதான் இப்பம் தப்புது. நீ சொன்ன அளவு தப்புன்னு சீமைக்காரன் எழுதிட்டான். இந்தா காயிதம். போகப்போக கிட்ட உள்ளதும் போயிரும். மிஸ்ஸியம்மா ஒன் நன்மைக்குத்தான் செய்தாவ."

"நான் பாத்ததைத்தானே சொன்னேன்."

"நீ பாத்ததுதான் தப்பு."

அவள் என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். இங்கிலீஷ் அவளுக்கு வாசிக்கத் தெரியாது. புருஷன், சயன்ஸ் வாத்தியார், கையில் சீமைக் காகிதத்தை வைத்துக்கொண்டு சொல்கிறான். நம்பாமல் என்ன செய்வாள்? "அப்பிடியா" என்று மட்டும் சொன்னாள். அந்த வருஷம் ஆவணி வந்தும் ஜெபம் முடிந்து அவள் முற்றத்துக்கு வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

முதல் தலையணை பூங்கனிக்குப் போயிற்று. அவள் அழுதுகொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். "ஏட்டி, நான் இரிக்க மாட்டேன்னு எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்" என்று நேசபாயைக் கட்டிக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "வாத்தியாரே, இவளுக்கா கண்ணு தெரியல்ல? கரையில நின்னுக்கிட்டு வள்ளத்துல எத்தன ஆளுன்னு எண்ணிச் சொல்லுவாளே."

"ஒனக்கு என்ன தெரியும்? போய் சோலியப் பாரு" என்று எரிந்து விழுந்தேன். பொய் சொல்லுகிறவனுக்குக் கோபம் சீக்கிரம் வரும்.

மாசியில் என்னைத் தலைமை ஆசிரியர் ஆக்கினார்கள். நேசபாய் லேஸ் வீட்டுக்குப் பின்புறம் சோப்பும் சோடாவும் கொதிக்கிற அண்டாவின் முன்னால் நின்றாள். பின்னி முடித்த லேஸையெல்லாம் அதில் போட்டு அலசி, வெயிலில் உலர்த்தி, கரி இஸ்திரிப் பெட்டியால் தேய்க்க வேண்டும். சோடா கையைத் தின்றது. விரல் நுனியெல்லாம் வெடித்துப் பாளம் பாளமாக ஆயிற்று. ஒரு நாள் அவள், "டாக்டரிட்ட ஒருக்கா கண்ணைக் காட்டட்டா?" என்று கேட்டாள். டாக்டர் பார்த்தால் ஐந்து நிமிஷத்தில் குட்டு உடைந்துவிடும். "இது நரம்புத் தளர்ச்சி, டாக்டரால ஆவாது. வீணா அலைய வேண்டாம்" என்றேன். அதையும் நம்பினாள்.

இப்படி இரண்டு வருஷம் போனது. 1934 மாசியில் சீமையிலிருந்து மறுபடியும் ஒரு கடிதம் வந்தது. அந்தக் காரியதரிசி என் பதிலைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. இரண்டு பருவம் வேறு ஆட்களைக் கொண்டு பார்க்கவைத்து, நான் அனுப்பிய பாரங்களையெல்லாம் எடுத்து ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்திருக்கிறார். அவர் எழுதியது இது: "1931-ல் மங்கியதாகச் சொல்லப்பட்ட ஒவ்வொரு நாளிலும் உங்கள் மனைவி வேறு நாலு நட்சத்திரங்களையும் அளந்திருக்கிறார். அவை எங்கள் அளவுகளோடு அப்படியே ஒத்துப்போகின்றன. கெட்டுப்போன கண் ஒரே ஒரு நட்சத்திரத்துக்கு மட்டும் கெடாது. நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. எங்களுக்கு வந்த அளவுகளில் மிகவும் உறுதியானவை உங்கள் மனைவியுடையவை என்பதை அவரிடம் தெரிவியுங்கள்."

இந்தக் கடிதத்தை நான் மிஸ்ஸியம்மாவிடம் காட்டவில்லை என்று சொல்லத் தேவையில்லை. நேசபாயிடமும் காட்டவில்லை. கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு பதினோரு நாள் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தேன். பிரேயரில் நின்று பிள்ளைகளுக்கு உண்மையைப் பற்றிப் பிரசங்கமும் செய்தேன்.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் சீக்கிரமாக வீடு திரும்பினேன். கொல்லைப்புறத்தில் நேசபாய் கையில் வாளியோடு நடந்துகொண்டிருந்தாள். கண் இரண்டும் மூடியிருந்தது. உதடு எண்ணிக்கொண்டிருந்தது. ஜெபம் பண்ணுகிறாள் என்று முதலில் நினைத்தேன். கிணற்றுச் சுவரை இடது கையால் தொட்டதும் நின்றாள்.

"என்ன செய்யிற?" என்றேன்.

கண்ணைத் திறந்தாள். வெட்கப்பட்ட மாதிரி சிரித்தாள். "பழகுதேன்."

"எதுக்கு?"

"பெறவு ஒரேயடியாப் போனா தடுமாறப்பிடாதுல்லா. அடுக்களையிலேருந்து கெணத்துக்குப் பதினேழு எட்டு. அடுப்புக்குப் பக்கத்துல உப்பு, அதுக்கு இங்கால புளி. நீங்க எதையும் எடம் மாத்தி வச்சிராதீங்க. கோயிலுக்கும் போய்ப் பாத்தேன். ஓடைக்கிட்ட மட்டும் ஒரு பயம். ரெண்டு வருசமா பழகுதேன், இன்னும் அந்த எடம் பிடிபடல்ல."

துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டேன். கோட்டுப் பையிலிருந்து கடிதத்தை எடுத்தேன். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். மழை நாளில் எழுதியது, ஆடி மாதத்தில் மாற்றி எழுதியது, மிஸ்ஸியம்மாவிடம் காட்டியது எல்லாவற்றையும் சொன்னேன். வாளியைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பம் எங் கண்ணுக்கு ஒண்ணும் இல்லியா?"

"இல்ல."

"எப்பமுமே இல்லியா?"

"எப்பமுமே இல்ல."

"டாக்டரிட்ட போவாண்டாம்னு சொன்னியளே, அதுவும் இதுக்காகத்தானா?"

"ஆமா" என்றேன்.

அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். அவள் வாளியை வைத்துவிட்டு வெடித்த விரல்களைச் சேலையில் துடைத்தாள். "நாளைக்குக் காலையில லேஸ் வீட்டுக்கு வாங்க. மிஸ்ஸியம்மாட்ட தனியாச் சொல்லக் கூடாது. எல்லாருக்கும் கேக்கும்படியாட்டு சொல்லணும். எல்லாருக்கும் முன்னாலதான் என்னய எழுப்புனாவ."

போனேன். நாற்பது பெண்களும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அவர்களில் பாதிப் பேரின் பிள்ளைகள் என்னிடம் படித்தவர்கள். நின்றுகொண்டே சொன்னேன். பாதியில் நான் நிறுத்தியபோது நேசபாய் உதவிக்கு வரவில்லை, காத்திருந்தாள். முடித்தபோது மிஸ்ஸியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்கள் தலைமை ஆசிரியர்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த மாதமே மறுபடியும் வெறும் சயன்ஸ் வாத்தியார் ஆனேன். அது ஒரு தண்டனையே இல்லை.

பூங்கனி சட்டென்று எழுந்து முதல் தலையணையை விட்டு விலகினாள். நேசபாய் போய் உட்கார்ந்தாள். குச்சிகளை எடுத்தாள். எண்பதாம் நம்பர் நூல் அவள் விரல் வெடிப்பில் சிக்கி அறுந்தது. முடிந்துகொண்டு மறுபடி எடுத்தாள். மறுபடி அறுந்தது. மூன்றாம் முறையும் அறுந்தது. அவளுக்குக் கண் தெளிவாகத் தெரிந்தது. நூலைப் பிடிக்க விரல் இல்லை.

"பூங்கனி, நீயே இரி" என்றாள். "நான் பக்கத்துல இருந்து எண்ணிச் சொல்லுதேன்."

இன்று வரைக்கும் அங்கே அப்படித்தான் நடக்கிறது. இவள் பார்த்துச் சொல்வாள், பூங்கனி பின்னுவாள். மிஸ்ஸியம்மா நல்ல களிம்பெல்லாம் வரவழைத்துக் கொடுத்தார். விரல் பழையபடி ஆகவில்லை.

அந்த வருஷம் ஆவணியில் சீமையிலிருந்து புதிய பாரங்கள் வந்தன. மேலே 'நேசபாய் அம்மாள்' என்று அவர்களே அச்சடித்து அனுப்பியிருந்தார்கள். காரியதரிசிக்கு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு எழுதியிருந்தேன். திருத்துவதற்கு யாரிடமும் கொடுக்காமல், என் இங்கிலீஷிலேயே. பாரத்தை அவளிடம் கொடுத்தேன். தன் பேர் எந்த இடம் என்று கேட்டு, அதை விரலால் தடவிப் பார்த்தாள். குடும்ப ஜெபம் முடிந்ததும் கிட்டத்தட்ட மூன்று வருஷத்துக்குப் பிறகு முற்றத்தில் இறங்கினாள். நான் நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு விளக்கடியில் வழக்கமான இடத்தில் உட்காரப் போனேன்.

"நீங்க இரிக்காண்டாம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏட்டி பூங்கனி, எழுத வா."

பூங்கனி வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் நோட்டை வாங்கிக்கொண்டாள். இன்னொரு கைவிளக்கை எடுத்துக்கொண்டு நேசபாய்க்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஏதாவது ஒரு உபகாரமாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

"கண்ணுல வெளிச்சம் அடிக்கி. அங்கால போங்க."

விளக்கைத் தூக்கிக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போனேன். அங்கிருந்து வானமும் தெரியாது, அவளும் தெரியாது. குரல் மட்டும் கேட்டது.

"எத்தன போடட்டும்?"

"எழுவத்திரெண்டு."

"எழுவத்திரெண்டா?"

"ஆமா. எழுதிட்டு எனக்குக் காட்டு."

நாலு வருஷம் அதே முற்றத்தில் அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எழுதியதைக் காட்டு என்று என்னிடம் அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.